வெற்றிலையின் குணமும் நமது கடமையும்

குலசேகரன்பட்டினத்திலிருந்து திருச்செந்தூரையும் ஆறுமுகநேரி உப்பளங்களையும் கடந்து ஆத்தூரை அடைவோர்க்கு நிலத்தின் நிறமே மாறித் தோன்றும். தாமிரபரணி நீரும் அகத்தியின் நிழலும் கொண்டு அங்கே தழைப்பது வெற்றிலைக் கொடி. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது நம் பகுதிக்கே பெருமையாகும். பெருமை வந்தவிடத்துப் பொறுப்பும் உடன் வருமன்றோ?

மிளகும் திப்பிலியும் வெற்றிலையும் ஒரே குலத்துக் கொடிகள். வெற்றிலையின் காரத்திற்கும் மணத்திற்கும் யூஜினால், ஹைட்ராக்சிசாவிக்கால் முதலிய பொருள்கள் காரணம் என்பர். அவை சில நோய்க் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்துள்ளது. சளி பிடித்த குழந்தையின் மார்பில், விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டிய வெற்றிலையை இதமான சூட்டில் இடுவது நம் தாய்மார் அறிந்த முறை. எனினும், சோதனையில் கண்ட குணம் ஒன்று; நோய் தீர்க்கும் மருந்தென மெய்ப்பிக்கப்படுவது வேறொன்று. சர்வரோக நிவாரணி என்று கூவி விற்பது நாணயமாகாது.

நிற்க. இலைக்குள்ள நற்பெயரை நிழலாகக் கொண்டு பாக்கும் புகையிலையும் வாய்க்குள் நுழைந்துவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், புகையிலை சேராத தாம்பூலத்தையும், பாக்கைத் தனித்தும், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என வகுத்தது. இலை தனித்து அவ்வரிசையில் இல்லை. தறிக்குழியில் அமர்ந்து சோர்வு நீங்க நாள் முழுதும் மெல்லும் நெசவாள அங்கத்தினர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். வாயில் ஆறாத புண்ணோ வெண்படலமோ கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

பாக்கை விலக்கச் சொன்னால் கொடிக்கால்காரர் பிழைப்பு என்னாவது என்று சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயின், திருமணத்தட்டிலும் கோயில் வாயிலிலும் வீட்டு வைத்தியத்திலும் இலைக்கு என்றும் இடமுண்டு. வாங்குவோனின் வாயைக் கெடுத்து வளரும் வியாபாரம் கூட்டுறவுக்கு ஏற்றதன்று.

பயிர் செய்வோருக்கும் ஒரு சொல். கத்தரியும் வெண்டையும் அடுப்பேறி வெந்த பின்னரே உண்ணப்படுகின்றன. வெற்றிலையோ பச்சையாகவே மெல்லப்படுகிறது. இன்று மருந்து தெளித்து நாளை கிள்ளிய இலையில் எந்தக் குணத்தைத் தேடுவது? ஒவ்வோர் அங்கத்தினரும் தெளித்த மருந்தின் பெயரையும் தேதியையும் சங்கத்தில் ஒரு புத்தகத்தில் பதிவு செய்யட்டும். மருந்துப் புட்டியில் குறித்த இடைவெளி கழியாத இலையைச் சங்கம் ஏற்காதிருக்கட்டும்.

வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்வது என் உத்தியோகம். பணக்கணக்கில் பிழை நேர்ந்தால் அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம். உண்பவரின் உடலில் நேர்ந்த பிழையை எந்தப் பேரேட்டிலும் திருத்த இயலாது. ஆத்தூரின் பெயர் தாங்கிச் செல்லும் ஒவ்வொரு கவுளியும் நம்பி வாங்கத் தக்கதாய் இருக்குமாறு அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே தீர்மானம் செய்வார்களாக.