விளக்கு ஒன்று, சீட்டு எத்தனை?

நேரலை நிகழ்ச்சி நடக்கும்போது வானொலிக் கூடத்துக்குள் தொலைபேசி மணி அடிக்காது. அடித்தால் அந்தச் சத்தமும் நேயர்களின் காதுக்குப் போய்விடும். அதனால் எங்களுக்கு மணிக்குப் பதில் விளக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தயாரிப்பாளர், நேயர் சொல்லும் வாழ்த்தைச் சீட்டில் எழுதிக் கதவோரக் கூடையில் போடுவார். போட்டுவிட்டு ஒரு பட்டனை அமுக்குவார். என் மேசையில் சிவப்பு விளக்கு எரியும். (இப்போது பாதி வாழ்த்துகள் திரையிலேயே வந்துவிடுகின்றன. ஆனாலும் தீபாவளி வாரத்தில் சீட்டுதான் கைகொடுக்கிறது.)

நான் யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால் விளக்கைப் பார்த்தவுடன் எழுந்து ஓட முடியாது. பேச்சை முடித்து, பாட்டைப் போட்டுவிட்டுத்தான் கூடையைப் பார்ப்பேன். அதற்குள் அவர் ஐந்து சீட்டு போட்டு ஐந்து முறை பட்டனை அமுக்கியிருப்பார். விளக்கு ஒன்றுதான் எரியும். ஏற்கெனவே எரிகிற விளக்கு மறுபடி எப்படி எரியும்? ஐந்து சீட்டையும் எடுத்துக்கொண்டு விளக்கை அணைப்பேன். ‘இன்று எத்தனை வாழ்த்து வந்தது?’ என்று மேலாளர் கேட்டால் எந்த அறிவிப்பாளரும் விளக்கை எண்ணிச் சொல்ல மாட்டார், சீட்டைத்தான் எண்ணுவார்.

இதை இவ்வளவு விலாவாரியாகச் சொல்லக் காரணம், சுங்கை வேயில் ஒரு தொழிற்கூடத்தில் இதே விளக்கை எண்ணியதால் ஓர் அம்மாவின் பேர் கெட இருந்தது.

சுங்கை வே என்றால் பெட்டாலிங் ஜெயாக்காரர்களுக்குத் தெரியும். குடியிருப்புப் பகுதிக்கு இப்போது ஸ்ரீ செத்தியா என்று பெயர், கொமுட்டர் நிலையத்துக்கும் அதே பெயர்தான். ஆனால் அங்கே வேலை செய்த குடும்பங்கள் இன்றும் சுங்கை வே என்றுதான் சொல்கின்றன. 1971-ல் தடையற்ற வணிக மண்டலச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து பினாங்கில் பாயான் லெப்பாஸ், சிலாங்கூரில் சுங்கை வே என்று மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக எழும்பின. மோட்டரோலா இங்கே சில்லு பொருத்தும் ஆலை வைத்தது. அது பிறகு ஃப்ரீஸ்கேல் ஆகி, இப்போது என்எக்ஸ்பி. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த எத்தனையோ வீட்டுப் பெண்களின் முதல் சம்பளம் இந்த மாதிரி ஆலைகளில் எடுத்ததுதான். தொழிற்சாலை பேருந்து விடியற்காலையில் முச்சந்தியில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் சொல்லும் இடம் அந்தப் பெரிய பெயர்களில் ஒன்றல்ல. மின்னணு உதிரிப் பாகங்களை ட்ரேயில் அடுக்கிக் கட்டி அனுப்பும் சின்னத் தொழிற்கூடம். மூன்று மேசைகள், மேசைக்கு ஒரு ஸ்கேனர். ஒரு ட்ரே நிறைந்ததும் ஸ்கேன் செய்ய வேண்டும். கணினி ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். மாதக் கடைசியில் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஊக்கத்தொகை. என் சித்தி மகன் அங்கே கணினிப் பிரிவில் இருக்கிறான். பழைய நிரலைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

மேசைகளுக்குப் பொறுப்பான அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வட்டாரத்தில் ஷிப்ட் பார்த்தவர். கணினியை நம்பாமல் தனியாக ஒரு நோட்டில் கோடு போட்டுக் கணக்கு வைப்பார். ஒரு நாள் நோட்டில் 52, கணினியில் 47. இன்னொரு நாள் நோட்டில் 49, கணினியில் 45. ட்ரேக்கள் லோரி ஏறிப் போய்விட்டன, திருப்பி எண்ண வழியில்லை. மேலே இருப்பவர்களுக்கு எது சுலபம்? ஊக்கத்தொகைக்காக அம்மா கூட்டி எழுதுகிறார் என்று முடிவு கட்டுவதுதான். மெஷின் பொய் சொல்லுமா என்று ஒருவர் கேட்டாராம்.

அந்த அம்மா அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. என் தம்பியைக் கூப்பிட்டு, “கூட்டம் இல்லாத நேரத்துல ஒன்னுகூட குறையல தம்பி. ஷிப்ட் முடியிற நேரத்துலதான் குறையுது. அதை மட்டும் பாரு” என்றிருக்கிறார். படித்த நாங்கள் பிறகு கண்டுபிடித்ததெல்லாம் இந்த வாக்கியத்துக்கு எழுதிய விளக்கவுரைதான்.

அந்த நிரல் ‘ஈவென்ட் லூப்’ என்ற முறையில் எழுதப்பட்டது. பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தச் சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். நிகழ்வுச் சுழல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஆள் சுற்றிச் சுற்றி வந்து, ‘யாருக்காவது ஏதாவது நடந்ததா?’ என்று பார்த்து, நடந்ததற்கு உரிய வேலையைச் செய்துவிட்டு மறுபடி காத்திருக்கும் முறை. எதுவும் நடக்காவிட்டால் அது தூங்கும். லினக்ஸில் ‘ஈபோல்’ என்ற வசதி அதைத் தூங்க வைத்து, ஏதாவது வந்தால் எழுப்பிவிடும்.

முன்பெல்லாம் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஓர் ஆள் என்று கணினிக்குள் தனித்தனி த்ரெட் ஒதுக்குவார்கள். ஆயிரக்கணக்கில் மக்கள் இணையத்துக்கு வந்தபோது அது தாங்கவில்லை. ஒரே கணினி ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேரைக் கவனிக்க முடியுமா என்ற கேள்வியை டான் கெகல் என்பவர் 1999-ல் எழுப்பினார். அதற்குக் கிடைத்த விடைகளில் முக்கியமானது இந்தச் சுழல். ஜெர்மனிக்காரரான மார்க் லேமன் எழுதிய ‘லிப்இவி’ நூலகம் 2007-ல் வந்தது. 2009-ல் ரயன் டால் ‘நோட் ஜேஎஸ்’ வெளியிட்டபோது முதலில் அதன் அடியில் சுழன்றது இந்த லிப்இவிதான். விண்டோஸிலும் ஓட வேண்டும் என்பதற்காகப் பிறகு ‘லிப்யுவி’ உருவானது. தம்பியின் தொழிற்கூடத்தில் இருப்பது லிப்இவி.

இந்தச் சுழலிடம், ‘இதைக் கவனி, இது நடந்தால் இந்த வேலையைச் செய்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலாளை நியமிக்க வேண்டும். அதற்கு ‘வாட்சர்’ என்று பெயர். நெட்வொர்க்கில் தகவல் வந்ததா என்று பார்க்க ஒரு வாட்சர், நேரம் ஆனதா என்று பார்க்க ஒரு வாட்சர், கோப்பு மாறியதா என்று பார்க்க இன்னொன்று. நியமித்தால் மட்டும் போதாது, வேலையைத் தொடங்கச் சொல்லி ‘ஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும். புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் பலர் இந்த ஸ்டார்ட்டை விட்டுவிட்டு, ஏன் எதுவும் நடக்கவில்லை என்று தலையைச் சொறிவார்களாம்.

இவற்றில் வித்தியாசமான ஒன்று ‘ஏசிங்க்’ வாட்சர். (உச்சரிப்பு கொஞ்சம் வழுக்கினாலும் தமிழில் வேறு பொருள் வந்துவிடும். வானொலியில் இந்தச் சொல்லை நான் சொல்லவே மாட்டேன்.) சுழல் ஓடுவது ஒரு த்ரெட்டில். ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு த்ரெட். வெளி த்ரெட் சுழலின் உள் விவகாரத்தில் கை வைக்கக் கூடாது. வேறு வாட்சரைத் தொடங்குவது, நிறுத்துவது எதுவும் கூடாது, வைத்தால் எல்லாம் குழம்பிவிடும். வெளியிலிருந்து தைரியமாகத் தொடக்கூடிய பட்டன் ஒன்றே ஒன்று, ‘ஏசிங்க் சென்ட்’. அதை அமுக்கினால் தூங்குகிற சுழல் விழித்து, அந்த வாட்சருக்கு உரிய வேலையைச் செய்யும். தயாரிப்பாளர் என் மைக்கைத் தொடக் கூடாது, விளக்குப் பட்டனை மட்டும் அமுக்கலாம் என்பது போலத்தான்.

அந்தப் பட்டனுக்கும் என் விளக்கின் குணமே இருக்கிறது. சுழல் வேறு வேலையில் இருக்கும்போது நான்கு முறை அமுக்கினால் நான்கு முறை வேலை நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை. நான்கும் சேர்ந்து ஒன்றாகிவிடலாம். இது பிழையல்ல. லிப்இவியின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது, லிப்யுவியும் அப்படித்தான். அமுக்கியதற்குப் பிறகு குறைந்தது ஒரு முறை வந்து பார்ப்பேன் என்பதுதான் அது கொடுக்கும் வாக்கு. எத்தனை முறை அமுக்கினார்கள் என்று அது எண்ணுவதில்லை.

தொழிற்கூடத்து நிரலை முதலில் எழுதியவர் இதைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு சென்ட். சுழல் விழித்தால் ஒன்றைக் கூட்டு. கூடை என்று ஒன்று கிடையாது, விளக்கையே எண்ணிக்கொண்டிருந்தது.

அப்படியானால் கணக்கு எப்போதும் தப்பாகத்தானே வர வேண்டும், ஷிப்ட் முடிகிற நேரத்தில் மட்டும் ஏன்? ஒன்றைக் கூட்டிய கையோடு அந்த நிரல் அலுவலகக் கணினியில் பதிவு செய்யச் சொல்லி, பதில் வரும்வரை அங்கேயே நிற்கும். மற்ற நேரத்தில் பதில் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். ஷிப்ட் முடிகிற வேளையில் எல்லாப் பிரிவும் ஒரே சமயத்தில் அறிக்கை ஏற்றுவதால் ஒன்றிரண்டு விநாடி இழுக்கும். அதே வேளையில்தான் மூன்று மேசையிலும் கடைசி ட்ரேக்களை மளமளவென்று முடிப்பார்கள். சுழல் பதிலுக்காக நின்ற அந்த இரண்டு விநாடிக்குள் மூன்று ஸ்கேன் வந்தால், அது திரும்பிப் பார்க்கும்போது விளக்கு ஒன்று. இரண்டு ட்ரே கணக்கில் இல்லை. வேகமாக வேலை செய்தவர்களுக்குத்தான் நஷ்டம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

தம்பி இதை என்னிடம் சொன்னது பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. “பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் லைட் ஒன்னுதானேக்கா எரியும், உங்க ஸ்டூடியோ மாதிரி” என்றான். நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருக்கிறான்.

திருத்தம் பெரியதில்லை. ஒரு வரிசை வைத்தான், அதுதான் கூடை. ஸ்கேனர் பக்கத்து த்ரெட் பூட்டை எடுத்து, ட்ரேயின் எண்ணை வரிசையில் போட்டு, பூட்டை விட்டு, பிறகு சென்ட் கொடுக்கும். சுழல் விழித்ததும் பூட்டை எடுத்து வரிசையில் இருப்பது அத்தனையையும் அள்ளிக்கொண்டு பூட்டை விடும். அள்ளியதை எண்ணும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. போட்ட பிறகுதான் அமுக்க வேண்டும். முதலில் அமுக்கிவிட்டுப் பிறகு போட்டால், சுழல் விழித்து வந்து காலிக் கூடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அப்புறம் விழும் சீட்டு அடுத்த விளக்கு எரியும்வரை அங்கேயே கிடக்கும். நாள் முழுக்கச் சரியாக ஓடி, கடைசி ட்ரே மட்டும் மறுநாள் காலைக் கணக்கில் வந்தால் இப்படி ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். சுழல் பக்கம் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போனாலும் இதே கதிதான், எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

அலுவலகக் கணினியில் பதிவு செய்யும் வேலையையும் சுழலிடமிருந்து பிடுங்கி வேறு த்ரெட்டிடம் கொடுத்தான். அது மெதுவாகப் பதிவு செய்து முடித்ததும் தன் பங்குக்கு ஒரு சென்ட் அனுப்பும். சுழலின் வேலை கவனிப்பது மட்டும்தான், அது யாருக்காகவும் காத்து நிற்கக் கூடாது. வரிசை மட்டும் வைத்திருந்தால் கணக்கு சரியாகியிருக்கும், ஆனால் திரை தாமதமாக நகர்ந்துகொண்டேயிருக்கும். மேசையில் இருப்பவர், பதிவாகவில்லை போல என்று ஒரே ட்ரேயை இரண்டு முறை ஸ்கேன் செய்துவிடுவார். அப்போது கணக்கு மறுபக்கம் தப்பும்.

திருத்தியதும் புதுத் தலைவலி ஒன்று வந்தது. நிரலை மூடச் சொன்னால் மூட மறுத்தது. வேலையில் இருக்கும் வாட்சர் ஒன்று மிச்சமிருந்தாலும் லிப்இவியின் சுழல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பதிவு த்ரெட்டுக்காகப் புதிதாக வைத்த ஏசிங்க் வாட்சர் யாராவது அமுக்குவார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தது. அதற்கும் ஒரு ‘ஸ்டாப்’ கொடுத்த பிறகுதான் அடங்கியது.

பைத்தான் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே ‘ஏசிங்க்ஐஓ’வில் ‘கால் சூன் த்ரெட்சேஃப்’ என்று ஒன்று இருக்கிறது. வெளி த்ரெட்டிலிருந்து சுழலை எழுப்புவதற்கு உரியது. அது கொடுக்கும் வேலைகளைத் தானே வரிசையில் வைத்துக்கொள்வதால் நான்கு முறை கூப்பிட்டால் நான்கும் நடக்கும். ஒரு மொழியில் பழகியதை இன்னொன்றில் அப்படியே எதிர்பார்த்தால் சுங்கை வே கதைதான்.

புது நிரலை ஒரு வாரம் நோட்டோடு ஒப்பிட்டார்கள். விளக்கு எத்தனை முறை எரிந்தது, ட்ரே எத்தனை என்று இரண்டையும் தனித்தனியாகப் பதியும்படி தம்பி செய்திருந்தான். முதல் நாள் விளக்கு 46, ட்ரே 51. நோட்டிலும் 51. விடுபட்ட மாதங்களின் ஊக்கத்தொகையை அம்மாவின் நோட்டை வைத்தே கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அதற்காக நோட்டை அலுவலகத்தில் வாங்கி நகல் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது, கடைசிப் பக்கத்தில் இனி கையெழுத்துப் போட்டு வாங்குங்கள் என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா. இப்போது ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் மேற்பார்வையாளர் போடுகிறாராம்.