துபாஷிகளுக்கு ஒரு சட்டம்

2025-ஆம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி முதல் ஐரோப்பிய யூனியன் தேசங்களில் ஒரு புதிய சட்டம் அமுலுக்கு வந்திருக்கிறது. மின்நூல் வெளியிடுவோர், பாங்கிகள், இணையத்தின் மூலம் வியாபாரம் செய்வோர் ஆகியோர், கண் பார்வையற்றவர்களும் மற்ற அங்கக்குறை உள்ளவர்களும் உபயோகிக்கத்தக்க முறையிலேயே தங்கள் சரக்கையும் சேவையையும் அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2019-ல் நிறைவேறிய சட்டம். தயார் செய்துகொள்ள ஆறு வருஷம் அவகாசம் கொடுக்கப்பட்டது.

சட்டத்தின் நோக்கத்தை யாரும் குறை கூற முடியாது. ஆனால், சட்டசபை கட்டளையிடுவது ஒன்று. அது பக்கத்திலே நிறைவேறுவது வேறொன்று. கணித நூல் ஒன்றைப் பார்வையற்ற மாணவனுக்கு ஒரு யந்திரம் உரக்கப் படித்துக் காட்ட வேண்டுமானால், அந்த நூலை அச்சுக்கோத்த கம்ப்யூட்டர் புரோகிராமும், அதன் வெளியீட்டை எழுதும் புரோகிராமும், அதைத் திறந்து படிக்கும் புரோகிராமும் ஒரே பிரமாணத்துக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும். அந்தப் பிரமாணத்தை வகுப்பது யார்? வகுத்தால் கட்டுப்படுவது யார்? இந்தக் கேள்வி புதிதன்று. நாற்பது வருஷங்களுக்கு முன்பு அமெரிக்காவில் தோன்றிய ஒரு கமிட்டி இதே கேள்வியுடன் மல்லுக்கு நின்றது. அதன் வரலாறு, கமிட்டிகளில் உட்கார்ந்து தீர்மானங்கள் நிறைவேற்றிப் பழகிய நம் நேயர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

டெக் பிறந்த கதை

ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் டொனால்டு குனூத், தம் பெரிய நூலின் இரண்டாம் பாகத்தினுடைய மறுபதிப்புக்கு வந்த புரூபுகளை 1977-ல் பார்த்தார். ஈய எழுத்துக்களைக் கைவிட்டுப் புகைப்பட முறையில் கோத்த அந்தப் பக்கங்கள் அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. தாமே ஓர் அச்சுக்கோப்புப் புரோகிராமை எழுதுவது என்று தீர்மானித்தார். அவ்வாறு பிறந்ததுதான் டெக். அதை அவர் காசுக்கு விற்கவில்லை. யாரும் எடுத்து உபயோகிக்கலாம் என்று உலகுக்குக் கொடுத்துவிட்டார்.

டெக் எந்த அச்சு யந்திரத்துடனும் நேரே பேசுவதில்லை. இன்ன எழுத்தை இன்ன இடத்தில் வை, இங்கே ஒரு கோடு இழு, இவ்வளவு தூரம் வலப்பக்கம் நகர் என்று கட்டளைகளை மட்டும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பின் அமைப்பை 1979-ல் டேவிட் பூக்ஸ் என்பவர் வகுத்தார். எந்த யந்திரத்தையும் சாராதது என்ற பொருளில் அதற்கு டி.வி.ஐ. என்று பெயர். ஓர் அங்குலத்தில் 72.27 பாயிண்டு, ஒரு பாயிண்டை 65,536 கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறே அதில் அளவுக்கு அலகு. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய அந்த அலகில் கணக்கிடும்போது, யந்திரத்துக்கு யந்திரம் பக்கம் மாறுபடும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் அச்சிடும் யந்திரத்துக்கு அந்தப் பாஷை தெரியாது. நடுவே ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிப் புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். யந்திரங்கள் எத்தனையோ, துபாஷிகளும் அத்தனை. சர்வகலாசாலைகளில் சிலர் எழுதி இனாமாகக் கொடுத்தார்கள். கம்பெனிகள் சில எழுதி விற்றன. மூலம் ஒன்று, மொழிபெயர்ப்பு நூறு என்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு புள்ளியின் வழக்கு

தகராறு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இடும் யந்திரம் ஒன்று. ஓர் எழுத்தின் உண்மையான அகலம் 20.4 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். யந்திரத்தால் அரைகுறைப் புள்ளி வைக்க முடியாது; 20 என்றே கொள்ள வேண்டும். அத்தகைய அறுபது எழுத்துக்கள் கொண்ட ஒரு வரியில் இந்தப் பின்னம் சேர்ந்து 24 புள்ளியாகிவிடும்; அதாவது வரி இரண்டு மில்லிமீட்டர் குறைந்துபோகும். வலது ஓரம் கோணலாகும். சரி, ஒவ்வோர் எழுத்தையும் அதன் உண்மையான இடத்துக்கு மிக அருகில் உள்ள புள்ளியிலேயே வைப்போம் என்றால், ஒரே சொல்லுக்குள் சில இடைவெளி ஒரு புள்ளி கூடியும் சில குறைந்தும் நிற்கும். அதைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

குனூத்தின் குழுவினர் இதற்கு ஒரு மத்தியஸ்தம் செய்தார்கள். சொல்லுக்குள் முழுப்புள்ளிக் கணக்கிலேயே போகலாம்; ஆனால் உண்மையான இடத்தைவிட்டு இரண்டு புள்ளிக்கு மேல் விலகக் கூடாது; சொல் முடிந்து இடைவெளி வந்ததும் உண்மையான இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இதை வெறும் உபதேசமாகச் சொல்லாமல், டி.வி.ஐ. கோப்பைப் படித்து விளக்கும் ஒரு மாதிரிப் புரோகிராமிலேயே செய்து காட்டினார்கள். துபாஷி எழுதுகிறவன் சந்தேகம் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கமிட்டி கூடுகிறது

1980-ல் டெக் உபயோகிப்போர் சங்கம் ஏற்பட்டது. துபாஷிகளின் ஒழுங்கீனம் பெருகவே, அந்தப் பத்தாண்டின் போக்கிலேயே சங்கம் ஒரு பிரமாணக் கமிட்டியை நியமித்தது. கமிட்டியின் வேலை பூஜ்யப் படி என்ற முதல் அறிக்கையாக 1992-ல் அச்சில் வெளிவந்தது. டிரைவர் என்று பெயர் வைத்துக்கொள்ளும் எந்தப் புரோகிராமும் செய்தே தீர வேண்டிய குறைந்தபட்சக் கடமைகள் என்னென்ன என்பதே அதன் பொருள்.

வாசகர்கள் வருஷத்தைக் கவனிக்க வேண்டும். டி.வி.ஐ. வகுத்தது 1979, அதற்குரிய துபாஷிகளின் முதற்படிப் பிரமாணம் 1992. பதின்மூன்று வருஷம்! இதற்குள் உலகம் காத்திருந்ததா? இல்லை. அடோபி கம்பெனியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க வர்ணனைப் பாஷை 1985-ல் ஆப்பிள் கம்பெனியின் லேசர் அச்சு யந்திரத்துடன் சந்தைக்கு வந்துவிட்டது. அதன் இலக்கணத்தைக் கம்பெனி புத்தகமாகவே வெளியிட்டது. எழுத்துருக்களின் சூட்சுமத்தை மாத்திரம் 1990 வரையில் மூடி வைத்திருந்தது. கமிட்டி விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில் கம்பெனி விற்றுக்கொண்டிருந்தது. கடைசியில், டி.வி.ஐ.யைப் போஸ்ட்ஸ்கிரிப்ட்டாக மாற்றும் டாமஸ் ரோக்கிக்கியின் டி.வி.ஐ.பி.எஸ். என்ற ஒரே துபாஷி எங்கும் பரவி, அதன் வழக்கமே நடைமுறையில் சட்டமாகிவிட்டது.

இதனால் கமிட்டியினர் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். அவர்கள் சம்பளமின்றித் தொண்டு செய்தவர்கள். அவர்கள் கையில் செங்கோலும் இல்லை, பணப்பையும் இல்லை. அன்றியும், எந்த விஷயத்தில் இணக்கம் சுலபமாயிற்று, எதில் ஆகவில்லை என்று பார்த்தால் உண்மை விளங்கும். மாதிரிப் புரோகிராம் ஏற்கெனவே இருந்த விஷயங்களில் இணக்கம் பெரும்பாலும் ஏற்பட்டது. அது இல்லாத இடத்தில்தான் தேர் நிலைக்கு வரவில்லை.

திறந்து விட்ட கதவு

அந்த இடம் எது? டெக் பாஷையில் 'ஸ்பெஷல்' என்று ஒரு கட்டளை உண்டு. அதற்குள் எதை எழுதினாலும் டெக் அதைத் தொடாமல் அப்படியே துபாஷியிடம் சேர்த்துவிடும். பிற்காலத்தில் என்ன தேவை வருமோ என்று எண்ணிக் குனூத் வேண்டுமென்றே திறந்து விட்ட கதவு அது. படம் சேர்ப்பது, வர்ணம் தீட்டுவது, ஏட்டைத் திருப்புவது எல்லாம் அந்தக் கதவின் வழியாகவே நுழைந்தன. ஆனால் ஒவ்வொரு துபாஷியும் தன் சொந்தக் கொச்சையில் கேட்டது. ஒருவர் ஊரில் படத்துடன் அச்சான கட்டுரை அடுத்த ஊரில் படமில்லாமல் வெள்ளையாக வந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரு பாஷையை நிர்ணயிக்க முயற்சிகள் நடந்தன. ஆனால் ஒவ்வொரு துபாஷியையும் நம்பி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. தன்னை நம்பியவர்களைக் கைவிட்டுப் பொதுவழிக்கு வர எவர் சம்மதிப்பார்? சுயநலம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அதிலும் ஒரு தர்மம் இருக்கிறது.

முடிவில் ஒற்றுமை வேறு திசையிலிருந்து வந்தது. 1994-ல் வெளியான லேடெக்கின் புதிய பதிப்பில், ஆசிரியன் எழுத வேண்டிய படக் கட்டளை ஒன்றே என்று ஆக்கி, ஒவ்வொரு துபாஷியின் கொச்சைக்கும் ஒரு சிறு அகராதிக் கோப்பு வைத்துவிட்டார்கள். துபாஷிகள் ஒன்றுபடவில்லை, அவர்களிடையே உள்ள வேற்றுமை ஆசிரியன் கண்ணுக்கு மறைக்கப்பட்டது. அத்துடன், ஸ்பெஷலின் தலையில் இது இன்னாருடையது என்று குறிக்கும் முன்னொட்டு வைக்கும் வழக்கமும் பரவியது. அதனால், தெரியாததை ஒரு துபாஷி தாண்டிப் போக வழியேற்பட்டது. சமரசம் சிறியதுதான், ஆனால் இன்றும் நிலைத்து நிற்கிறது.

நம்மவர் கதையும் இதுவே. தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு வியாபாரியும் எழுத்துக்களுக்குத் தன் இஷ்டம்போல் எண் கொடுத்தார். ஒருவர் எழுதியதை மற்றவர் கம்ப்யூட்டர் குப்பையாகக் காட்டியது. 1999-ல் தமிழ்நாடு சர்க்கார் பிரமாணம் செய்தபோது, டாம், டாப் என்று ஒன்றுக்கு இரண்டாகச் செய்தது. இரண்டையும் பின்னுக்குத் தள்ளி இன்று ஆட்சி புரிவது யூனிக்கோடு. காரணம், அதைக் கம்ப்யூட்டருடனேயே சேர்த்து வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பதுதான்.

இப்பொழுதைய சோதனை

இனி, இன்றைய விஷயத்துக்கு வருவோம். அடோபி 1993-ல் வெளியிட்ட பி.டி.எப். என்ற கோப்பு 2008-ல் சர்வதேசப் பிரமாணமாயிற்று. இரண்டாம் பதிப்பு 2017-ல் வந்து 2020-ல் திருத்தப்பட்டது. அந்தப் பிரமாண நூலையே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த நிலைமை மாறி, 2023 முதல் இனாமாகக் கிடைக்கிறது. பார்வையற்றோருக்கு உகந்த பி.டி.எப். எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2012-ல் ஒரு பிரமாணமும் 2024-ல் அதன் இரண்டாம் பாகமும் வெளிவந்தன. காகிதத்தில் குறை ஒன்றுமில்லை.

கோளாறு அடியில் இருக்கிறது. டி.வி.ஐ. கோப்பில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி என்ற எழுத்தே கிடையாது. இவ்வளவு தூரம் நகர் என்ற கட்டளைதான் உண்டு. அச்சு யந்திரத்துக்கு அது போதும். காதால் படிப்பவனுக்கு? எது தலைப்பு, எது பத்தி, எது அடிக்குறிப்பு, பின்னத்தில் எது மேல் எது கீழ் என்று அது ஒன்றும் சொல்லாது. சாதாரண பி.டி.எப். கோப்பிலும் நிலைமை இதுதான். ஆகவே ஒவ்வோர் உறுப்புக்கும் அடையாளச் சீட்டு ஒட்ட வேண்டியிருக்கிறது. இந்தப் பெரிய வேலையை லேடெக் குழுவினர் 2020 முதல் படிப்படியாகச் செய்து வருகிறார்கள். அவர்கள் சீட்டு ஒட்டினாலும், அதைத் திறக்கும் புரோகிராமும் உரக்கப் படிக்கும் யந்திரமும் அந்தச் சீட்டை மதித்தால்தான் பயன். மதிப்பதிலே ஒன்றுக்கொன்று பேதம் இருக்கிறது. அதே பழைய துபாஷித் தகராறு, இப்பொழுது படிக்கும் பக்கத்துக்குக் குடிபோயிருக்கிறது.

நமது அபிப்பிராயம் இதுதான். பிரமாணத்தை எழுதி அச்சிட்டவுடன் காரியம் முடிந்துவிட்டதாக நினைப்பது பெரும் பிழை. பிரமாணத்துடன் கூடவே, ஓடுகிற மாதிரிப் புரோகிராம் ஒன்றும், தேறினானா இல்லையா என்று காட்டும் பரீட்சையும் வர வேண்டும். பழக்கம் வேரூன்றுவதற்கு முன்னே வர வேண்டும். வருங்காலத்துக்கென்று விடும் கதவில், நுழைகிறவன் பெயர் சொல்லி நுழைய வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்க வேண்டும்.

சட்டம் செய்யும் சர்க்கார்களுக்கு ஒரு வார்த்தை. அபராதம் விதிக்க அதிகாரம் எடுத்துக்கொண்டவர்கள், அந்தப் பிரமாணத்தை நடத்திக்காட்டும் சிறு கூட்டத்தாருக்கு உதவிப் பணம் கொடுக்கவும், படிக்கும் புரோகிராம்களைப் பகிரங்கமாகப் பரீட்சை செய்யவும் கடமைப்பட்டவர்கள். டி.வி.ஐ. வகுத்த பின் பூஜ்யப் படி வெளிவரப் பதின்மூன்று வருஷம் சென்றபோது நஷ்டமடைந்தவை சில படங்களும் சில பக்கங்களுமே. இன்று தாமதமானால் நஷ்டமடைகிறவன், பாடப்புத்தகத்தைக் காதருகே வைத்துக்கொண்டு காத்திருக்கும் மாணவன். அவனுக்குப் படிப்பு வருஷங்கள் திரும்பி வரமாட்டா.