கண்மாய்ப் படகுக்கு மரைன் பிளைவுட்... பார்த்து வாங்குவது எப்படி?

கேள்வி: 'சொந்தக்காரர்களோடு சேர்ந்து கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்திருக்கிறோம். வலை விடப் பயன்படுத்தும் சிறு படகில் உட்தளப் பலகையும், உட்காரும் பலகையும் உளுத்துவிட்டன. மரைன் பிளைவுட் போடச் சொல்கிறார் ஆசாரி. மதுரையில் ஒரு கடையில் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. இன்னொரு கடையில், இதுவும் வாட்டர் புரூஃப்தான் என்று பாதி விலைக்குத் தருகிறார்கள். எதை வாங்குவது? இதற்காகத் தூத்துக்குடி வரை போக வேண்டுமா?'

- வாசகர், மேலூர்.

பதில்: தூத்துக்குடிக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுச் சமையலறை அலமாரிகளுக்கு ஆசாரிகள் வாங்குவதும் இதே மரைன் பிளைவுட்தான். அதனால் மதுரையில் உள்ள பிளைவுட் கடைகளிலேயே கிடைக்கும். ஆனால், 'வாட்டர் புரூஃப்' என்ற வார்த்தையை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

மெல்லிய மர ஏடுகளைப் பசை வைத்து அழுத்தியதுதான் பிளைவுட். தண்ணீரைத் தாங்குவது பெரும்பாலும் அந்தப் பசையைப் பொறுத்தது. 'எம்.ஆர்' ரகம் ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரில் பிரிந்துவிடும். 'பி.டபிள்யூ.ஆர்' ரகம் அவ்வப்போது நனைவதைத் தாங்கும். மரைன் ரகத்துக்கு உரிய தர எண் ஐ.எஸ். 710. பீனால் பசையால் ஒட்டப்படும் இந்தப் பலகை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஏடு பிரியக் கூடாது என்பது விதி. பலகையில் ஐ.எஸ்.ஐ முத்திரையும், அதன் மேல் 710 என்ற எண்ணும், கீழே 'சி.எம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, 'பி.ஐ.எஸ் கேர்' என்ற செல்போன் செயலியில் போட்டால், உரிமம் உண்மையா என்று தெரிந்துவிடும். ரசீதிலும் 'ஐ.எஸ். 710' என்று எழுதி வாங்குங்கள்.

சந்தேகம் இருந்தால், கடையில் கையளவு துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் ஒரு பகல் முழுக்கக் கொதிக்க வையுங்கள். மட்டமான பலகை என்றால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். பிரியாததாலேயே அதை மரைன் என்று முடிவு செய்யாதீர்கள். முத்திரையையும் பார்க்க வேண்டும்.

இனி செலவைக் குறைக்கும் வழி. 8 அடிக்கு 4 அடி முழுப் பலகை 32 சதுர அடி. உங்கள் தளத்துக்கு 15 சதுர அடிதான் தேவை என்றால், வீட்டு உள்வேலை செய்யும் தச்சுப்பட்டறைகளில் மிச்சம் விழுந்த மரைன் துண்டுகளைக் கேளுங்கள். முத்திரை உள்ள துண்டாகப் பார்த்து எடுங்கள். உட்காரும் பலகைக்குப் பிளைவுட்டே வேண்டாம். தோட்டத்தில் காய்ந்த பூவரசு இருந்தால் அறுத்துப் போடுங்கள். ஆக, தண்ணீர் தேங்கும் உட்தளத்துக்கு மட்டும் மரைன் பலகை போதும்.

பிளைவுட் படகுக்கு ஆகுமா என்ற தயக்கமும் வேண்டாம். கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அரிதானபோது, 1980-களிலேயே கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பிளைவுட்டைக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடியிழை ஒட்டிப் படகு கட்டினார்கள். அந்தப் படகுகள் கடலுக்கே போயின.

எவ்வளவு நல்ல பலகையானாலும் வெட்டிய ஓரத்தின் வழியாகத்தான் தண்ணீர் ஏறும். வெட்டிய ஓரங்களுக்கும், திருகாணித் துளைகளுக்கும் எபாக்ஸி பூச்சை இரண்டு, மூன்று முறை கொடுங்கள். இரும்பு ஆணி துருப்பிடிக்கும். பித்தளை அல்லது எவர்சில்வர் திருகாணி போடுங்கள். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் மரத்தைச் சீக்கிரம் உளுக்க வைக்கும். அதனால், படகுக்குள் மழைத்தண்ணீர் தேங்கவிடாமல், வேலை இல்லாத நாள்களில் நிழலில் கவிழ்த்து வையுங்கள். கண்மாய் வற்றும் கோடையில் படகை நன்றாகக் காயவிட்டு இந்த வேலையைச் செய்தால், பூச்சு நன்றாகப் பிடிக்கும்.

படகின் வெளி அடிப்பலகையிலும் உளுப்பு இருந்தால், அதை மட்டும் படகு வேலை தெரிந்த ஆசாரியிடம் காட்டிவிட்டுத் தண்ணீரில் இறக்குங்கள். அது ஆள் உயிர் சம்பந்தப்பட்டது. அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.