முதல் நாள் யார் கையில்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழை, காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறக்குறைய 800 ரயில் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் வந்து சேரும்வரை அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் பக்கத்து ஊர்மக்கள்.

ஓர் ஊராட்சியோ நகராட்சியோ பேரிடருக்குத் தயாராக இருக்கிறதா என்று மதிப்பிடுவோர், மாவட்டத் தலைநகரின் கை எட்டாத அந்த நேரத்தைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு படகு வரும், படை வரும், அமைச்சரும் வருவார்.

சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், உள்ளாட்சிகள் தங்களுக்கென ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. அதன் 41-ஆவது பிரிவு, ஊழியர்களுக்குப் பயிற்சி தரவும் கருவிகளை உடனே எடுத்தாளும் நிலையில் வைத்திருக்கவும் கடமைப்படுத்துகிறது. நடைமுறையிலோ, பருவமழைக்கு முந்தைய ஆய்வுக் கூட்டங்களில் பெரும்பாலும் எண்ணிக்கைதான் கேட்கப்படுகிறது. எத்தனை மணல் மூட்டை, எத்தனை ஜெனரேட்டர், எத்தனை முகாம்? பதிவேட்டில் இருக்கிறது என்றால் பதில் முடிந்துவிடுகிறது.

ஜெனரேட்டர் இருக்கிறது, சரி. கடைசியாக அதை எப்போது ஓட்டிப் பார்த்தார்கள்? டீசல் வாங்க இரவில் யார் அனுமதி தருவார்? முகாமாகக் குறித்த பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம்? அங்கே கழிப்பறையில் தண்ணீர் வருமா? அந்தப் பள்ளியே தாழ்வான இடத்தில் இருந்தால்? படுத்த படுக்கையாக இருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், அவர்களைத் தூக்கி வரப்போவது யார்? செல்பேசிக் கோபுரம் செயலிழந்தால் தகவல் சொல்ல என்ன வழி? ஊராட்சிச் செயலர் ஒருவர் தலையிலேயே எல்லாப் பதிலும் இருந்தால், அவர் வெளியூர் போன அன்று அந்த ஊருக்குத் திட்டமே இல்லை. ஒத்திகை பார்த்தால் இந்த ஓட்டைகள் ஒரே காலையில் தெரிந்துவிடும்.

குளங்களின் கதை இன்னும் சிக்கல். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள பாசனக் குளங்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியவை நீர்வளத் துறையுடையவை. தண்ணீருக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. மேல்குளம் உடைந்தால் கீழ்க்குளமும் தாங்காது. மறுகால் அடைப்பை எடுப்பதும் மடையைத் திறப்பதும் யார் வேலை என்பது மழைக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

உள்ளாட்சிகளை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமல்ல. கடமையைக் கொடுத்த அளவுக்கு நாம் பணமும் ஆளும் கொடுக்கவில்லை. 2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்ப வார்டு உறுப்பினர் இல்லாத ஊர், எத்தனை கருவி வாங்கினாலும் பாதித் தயார்தான். பேரிடர் திட்டத்தைப் பேசுவோர் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவதைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாகவே அக்டோபர் 2 கிராமசபை வருகிறது. உங்கள் ஊரின் பேரிடர் திட்டத்தை அங்கே வாசிக்கச் சொல்லுங்கள். ஒத்திகைக்கு ஒரு தேதியைத் தீர்மானமாகவே எழுதி வாங்குங்கள்.