ஒண்டுக்குடித்தன லினக்ஸ்

கம்ப்யூட்டரில் நீலத் திரை வந்தால்கூடப் பரவாயில்லை. புரியாத பாஷையிலாவது ஏதோ திட்டுகிறது. கறுப்புத் திரைதான் மோசம். சம்பந்தி வீட்டுக் கோபம் மாதிரி, காரணமே சொல்லாது.

கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிற தம்பி ஒருவர். பகலில் டேலி, ராத்திரி ரூமில் லினக்ஸ் படிப்பு. சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி. வேலைக்குத் தாவ வேண்டும் என்று ஆசை. இருப்பது ஒரே லேப்டாப். விண்டோஸை அழித்தால் டேலி போய்விடும். அதனால் வெர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, அதற்குள் உபுண்டுவைக் குடிவைத்திருந்தார்.

2011-ல் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஞாபகமிருக்கிறதா? அதில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. நம் சி-டாக் தயாரித்தது. (எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.) அதில் ஒருவர் விழித்தால் மற்றவர் தூங்க வேண்டும். வெர்ச்சுவல் மெஷின் அப்படியில்லை, ஒண்டுக்குடித்தனம். வீட்டுக்காரர் விண்டோஸ், குடியிருப்பவர் லினக்ஸ். மெமரியில் இவ்வளவு, டிஸ்க்கில் இவ்வளவு என்று அளந்து விடுவார்கள்.

திங்கட்கிழமை இன்டர்வியூ. சனிக்கிழமை ராத்திரி உபுண்டு கறுப்பாகி நின்றுவிட்டது. மூன்று மாதம் எழுதிப் பழகிய ஸ்கிரிப்ட் எல்லாம் உள்ளே. வேறெங்கும் காப்பி கிடையாது.

"அழிச்சுட்டுப் புதுசாப் போடு மாப்ள, இருபது நிமிஷம்" என்றார் ரூம்மேட்.

தோட்டத்து போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை என்றால், எந்த மெக்கானிக்காவது பக்கத்திலேயே இன்னொரு போர் போடச் சொல்வாரா? கரண்ட் வருதா, ஸ்டார்ட்டர் பிடிக்குதா, மோட்டார் ஓடுதா, பைப்பு எங்காவது ஓட்டையா என்று வரிசையாகப் பார்ப்பார். லினக்ஸும் அப்படித்தான். கெர்னல் என்பது மோட்டார். ஐகான், மவுஸ் எல்லாம் கடைசியில் இருக்கிற குழாய். குழாயில் வரவில்லை என்பதற்காக மோட்டார் எரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

தம்பி போனில் பதறினார். "எல்லாம் போச்சுங்ணா."

"ஒண்ணும் போகலை தம்பி. மொதல்ல மெஷினை ஆஃப் பண்ணுங்க. விண்டோஸ்ல 'வெர்ச்சுவல் பாக்ஸ் விஎம்ஸ்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே வேற டிஸ்க்குல காப்பி எடுங்க."

குடித்தனம் முழுக்க அந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது. காப்பி முடிந்ததும் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது.

திரும்ப ஆன் செய்து, கறுப்புத் திரையில் வலப்பக்க கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு எஃப்3 தட்டச் சொன்னேன்.

"லாகின் கேக்குதுங்ணா!"

மோட்டார் ஓடுகிறது. பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது, பயப்பட வேண்டாம். உள்ளே போய் டிஎஃப், ஒரு இடைவெளி, மைனஸ் எச்.

"நூறு பர்சன்ட்னு காட்டுதுங்ணா."

"எத்தனை ஜிபி குடுத்தீங்க?"

"பத்துங்ணா."

உபுண்டு கேட்பது 25. டெஸ்க்டாப் எழும்போது சில சின்ன ஃபைல்களை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லை என்றால் எழாது. 'சுடோ ஏபிடி கிளீன்' அடித்தோம். பழைய லாக்குகளை ஜர்னல்சிடிஎல் வைத்து 100 எம்பிக்குக் குறைத்தோம். ரீபூட். பழைய வால்பேப்பர் வந்துவிட்டது.

டிஸ்க்கில் இடமிருந்தும் கறுப்பாக நின்றால் டிஸ்ப்ளே செட்டிங்கைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ, வீடியோ மெமரி 128 எம்பி, 3டி ஆக்ஸிலரேஷன் டிக்கை எடுத்துவிடவும். லாகினே வராமல், ஆரம்பத்திலேயே விடி-எக்ஸ் இல்லை என்று திட்டினால், பயாஸில் வெர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும். கீழே மூலையில் பச்சை ஆமை தெரிந்தால் விண்டோஸின் ஹைப்பர்-வி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸ் ஓடும், ஆமை வேகத்தில். படம் போட்டவர் குசும்புக்காரர்.

தம்பிக்கு இன்னொரு வேலை பாக்கி. வெர்ச்சுவல் பாக்ஸில் டிஸ்க்கை 30 ஜிபி ஆக்கினால் மட்டும் போதாது, உபுண்டுவுக்குள் பார்ட்டிஷனையும் இழுத்துவிட வேண்டும்.

"அதை செவ்வாக்கெழமை பார்த்துக்கலாங்ணா, இப்ப ஸ்கிரிப்டைப் படிக்கோணும்" என்று போனை வைத்துவிட்டார்.