காற்று வரும் வழி

சந்தாபுராவில் பால்கனி என்றால் துணி காயும் இடம். ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, அத்திப்பள்ளிக்கு முன்பாக வரும் இந்த ஊரில் அடுக்குமாடிகள் முளைக்கத் தொடங்கியபோது விளம்பரங்களில் பால்கனிக்குத்தான் முதல் மரியாதை. ஏரியைப் பார்த்த பால்கனி என்றால் விலை சற்று கூடுதல். ஏரி இருக்கத்தான் இருக்கிறது. அதில் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலப்பதைத் தடுக்கத் தவறியதற்காகத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. காட்சி வேறு, காற்று வேறு என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் மாதத் தவணை கட்டிக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

அதனால்தான் மூன்றாவது மாடி நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கப்பல் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தோடு வந்து, "சார், பால்கனி கேபின் எடுக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மொழிபெயர்ப்பாளன் என்றால் அச்சடித்த ஆங்கிலம் எதற்கும் பொருள் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது எங்கள் குடியிருப்பில் நிலவும் நம்பிக்கை. வாடகை ஒப்பந்தம், மருந்துச் சீட்டு, இப்போது கப்பல்.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் ஏறி, மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு தொட்டுத் திரும்பும் நான்கு இரவுப் பயணம். நண்பர், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், எண்பதைத் தொட்ட தாயார். தாயார் பினாங்கில் பிறந்தவர். 1950களில், பத்து வயதுச் சிறுமியாக, பெற்றோரோடு 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியவர். அதன்பிறகு அந்த ஊரைப் பார்த்ததில்லை. பால்கனி அறையின் கட்டணமோ உள் அறையைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. இரண்டு அறைகளுக்குப் பால்கனி வைக்கப் பணம் இல்லை. ஒன்றுக்கு மட்டுமே முடியும். அதுவும் தேவைதானா என்பது கேள்வி.

இந்தக் கேள்வி இப்போது பல தமிழ் வீடுகளில் எழுகிறது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பலைத் தமிழக முதல்வர் கொடியசைத்து அனுப்பினார். மறு ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போய் வந்தது. அதுவரை சினிமாவில் மட்டும் பார்த்த கப்பல் பயணம், கல்யாண நாள் கொண்டாட்டப் பட்டியலில் ஊட்டிக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டது. எம்ப்ரஸ் 1990இல் பிரான்சில் கட்டப்பட்டது. அந்தக் காலத்துக் கப்பல்களின் வழக்கப்படி அதன் அறைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால்கனி கிடையாது.

ஏனென்றால் கப்பல் பால்கனி அப்படியொன்றும் பழைய சங்கதி அல்ல. பெருஞ்செல்வர்களின் அறைகளோடு நின்றிருந்த அதற்குத் திருப்பம் 1984இல் வந்தது. அந்த ஆண்டு இளவரசி டயானா பெயர் சூட்டிய 'ராயல் பிரின்சஸ்' கப்பலில் எல்லா அறைகளும் கடலைப் பார்த்தவை. பல அறைகளுக்குத் தனிப் பால்கனியும் உண்டு. பிறகு வந்த கப்பல்களில் உயிர்காப்புப் படகுகள் கீழ்த் தளங்களுக்கு இறங்க, மேலே பக்கவாட்டுச் சுவர் முழுவதும் விற்பனைக்குத் தயாராயிற்று. இன்றைய பெரிய கப்பலைக் கரையிலிருந்து பார்த்தால் எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடி ஒன்று மிதப்பதுபோல் இருப்பதற்கு இதுவே காரணம். 2009இல் வந்த 'ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்' இன்னும் ஒரு படி போயிற்று. கப்பலின் நடுவில் திறந்த பூங்கா. அதைச் சுற்றி உள்பக்கம் பார்த்த பால்கனிகள். கடலில் இருந்துகொண்டு கடலுக்கு முதுகைக் காட்டும் பால்கனி. சந்தாபுராக்காரர்களுக்கு இது புதிதல்ல.

நண்பரிடம் கப்பலின் தள வரைபடத்தை விரிக்கச் சொன்னேன். கேபின் தேர்வு என்பது பெரும்பாலும் பஸ்ஸில் இடம் பிடிக்கிற புத்திதான். கடைசி சீட்டு தூக்கிப் போடும், நடு சீட்டு ஆடாது. கப்பலும் அப்படியே. அலையில் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது முனைகள் அதிகம் ஆடும், நடுப்பகுதி குறைவாக ஆடும். பக்கவாட்டில் சாயும்போது தென்னையின் உச்சிபோல மேல் தளங்கள் அதிகம் அசையும், கீழ்த் தளங்கள் குறைவாக அசையும். குமட்டலுக்குப் பயந்தவர்கள் நடுவிலும் தாழ்விலும் எடுக்க வேண்டும். பால்கனிகள் பெரும்பாலும் மேல் தளங்களில் இருப்பதால், கூடுதல் பணம் கொடுத்துக் கூடுதல் ஆட்டத்தை வாங்கும் ஆபத்தும் உண்டு. மலாக்கா நீரிணை பொதுவாகச் சாது. வங்கக் கடல் அப்படியல்ல, மழைக்காலத்தில் குணம் காட்டும்.

அடுத்து, தலைக்கு மேலே என்ன, காலுக்குக் கீழே என்ன என்று பார்க்க வேண்டும். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். கீழே நாடக அரங்கு இருந்தால் நடுநிசி வரை முரசு. மேலும் கீழும் அறைகளாகவே இருக்கும் தளம்தான் உத்தமம். சில அறைகளுக்கு நேர் எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும். 'பார்வை சற்றே மறைக்கப்பட்டது' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மொழிபெயர்ப்பாளனாகச் சொல்கிறேன், பொடி எழுத்தில் வரும் 'சற்றே' என்ற சொல்லை நம்பவே கூடாது. அறை எண்ணைக் கம்பெனியே கடைசியில் ஒதுக்கும் மலிவு டிக்கெட்டும் உண்டு. எங்கே தூங்கினாலும் சரி என்பவர்களுக்கு மட்டுமே அது.

பிறகு, எந்தப் பக்கம்? இதற்கு ஒரு பழைய கதையே இருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகள் சூயஸ் வழியாக இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்பக்க அறையையும், ஊர் திரும்பும்போது வலப்பக்க அறையையும் கேட்டு வாங்குவார்களாம். இரண்டுமே வடக்குப் பார்த்தவை, வெயில் படாதவை. அந்த நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்துதான் 'போஷ்' என்ற சொல் பிறந்தது என்பார்கள். அகராதிக்காரர்கள் இதை ஏற்பதில்லை. அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. சொல்லின் கதை பொய்யானாலும் வெயிலின் கதை மெய். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு வடமேற்காகப் போகும்போது மலேயாக் கரை வலப்பக்கம், அந்திச் சூரியனும் சுமத்ராவும் இடப்பக்கம். சென்னையிலிருந்து இலங்கைக்குத் தெற்கே போனால் இடப்பக்கத்தில் சூரிய உதயம். திரும்பும்போது எல்லாம் தலைகீழ்.

"இவ்வளவு யோசிக்கணுமா சார்?" என்றார் நண்பர். நான்கு இரவுப் பயணத்தில் தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம், கரையிறங்கும் நேரம் போக பால்கனியில் உட்கார எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று கணக்குப் போடச் சொன்னேன். பத்து மணி நேரத்தைத் தாண்டவில்லை. மேல்தளம் எல்லாப் பயணிகளுக்கும் பொது. காற்றும் கடலும் அங்கே இலவசம். நடமாட முடிந்தவர்களுக்குக் குறுகிய பயணத்தில் பால்கனி வீண் செலவு என்பதே என் கட்சி.

அப்போதுதான் தாயார் பேச்சில் கலந்துகொண்டார். ரஜூலா 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் தடத்தில் ஓடிய கப்பல். மூன்று தலைமுறைத் தமிழர்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் சுமந்தது. தொடக்கக் காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் அறை இல்லை, கட்டில் இல்லை. பாயும் தகரப்பெட்டியும் போட்ட இடமே வீடு. ரஜூலாவுக்குப் பின் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அதோடு அந்தத் தடமே ஓய்ந்தது.

"அப்ப கப்பல் முழுக்க எங்களுக்கு பால்கனிதாம்ப்பா" என்றார் அம்மா. நான் குறிப்பேட்டை எடுக்கப் போனேன். அதற்குள் அவரே தொடர்ந்தார். "மழை வந்தா பாயோட நனைவோம். பக்கத்துல ஒருத்தர் வாந்தி எடுத்தா எல்லாரும் எடுப்போம். கக்கூசுக்கு வரிசை. எங்கம்மா மூணு நாள் சாப்பிடாமலே வந்தா." பழைய டெக்கைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் அதில் பயணம் செய்தவர்களைக் கேட்டுவிட்டு எழுதலாம்.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். கப்பலின் அடித்தட்டுக்குப் போக அவருடைய அம்மா மறுத்துவிட்டாராம். நனைந்தாலும் பரவாயில்லை, காற்று வேண்டும் என்று மேலேயே கிடந்தாராம்.

காற்று என்றதும் எனக்கு 2020 பிப்ரவரி நினைவுக்கு வந்தது. யோகோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' நின்றது. பயணிகளும் ஊழியர்களுமாக 3,711 பேர். கொரோனாவுக்காகக் கப்பலையே தனிமைப்படுத்தினார்கள். இரண்டு வாரம் பயணிகள் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது. பால்கனி அறைக்காரர்கள் வெளியே நின்று வெயில் காய்ந்தார்கள், கரைக்குக் கையசைத்தார்கள். மருந்து தீர்ந்துவிட்டது என்று துணியில் எழுதித் தொங்கவிட்டவரும் உண்டு. ஜன்னல்கூட இல்லாத உள் அறைக்காரர்கள், முறைவைத்து மேல்தளத்துக்கு அழைத்துச் செல்லும் நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். மொத்தம் 712 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. விடுமுறைச் சொகுசாக வாங்கிய ஐந்தடி இடம், ஒரே இரவில் மூச்சுவிடும் உரிமையாக மாறிப்போயிற்று.

அந்தக் கப்பலில் இந்தியர்கள் 138 பேர். அவர்களில் பயணிகள் 6 பேர்தான். மீதி 132 பேரும் சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், துப்புரவு செய்தவர்கள். தனிமைப்படுத்தல் அவர்களுக்குப் பொருந்தவில்லை. பூட்டிய கதவுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோக யாராவது நடமாட வேண்டுமே. வேலை முடிந்தால் கீழ்த் தளத்தில் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும் சிறு அறை. தங்களையும் காப்பாற்றும்படி இந்திய அரசை வேண்டிக் காணொளி அனுப்பினார்கள். மாத இறுதியில்தான் 119 இந்தியர்களை ஏர் இந்தியா விமானம் டெல்லிக்கு அழைத்து வந்தது.

கடல் தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை ஒன்று 2006இல் உருவானது. இந்தியாவும் 2015இல் அதை ஏற்றது. கப்பல் ஊழியர் உறங்கும் அறைக்கு இயற்கை வெளிச்சம் வேண்டும் என்கிறது அது. கூடவே ஒரு விலக்கு: பயணிகள் கப்பல்களில் வேறு ஏற்பாடு அனுமதிக்கப்படலாம். சரக்குக் கப்பலில் மாலுமிக்கு உரிமையாகக் கிடைக்கும் சூரிய வெளிச்சம், சொகுசுக் கப்பலில் பரிமாறுகிறவருக்கு இல்லாமல் போகலாம். ஏன்? அந்தச் சுவரைப் பால்கனியாக விற்கலாம் என்பதுதானே காரணமாக இருக்க முடியும்? இது உடன்படிக்கையின் பொடி எழுத்து. கட்டண அட்டவணையில் அதுவும் கிடையாது.

தமிழில் ஜன்னலுக்கு அரை டஜன் சொற்கள் உண்டு. 'ஜன்னல்' போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. பல கண்கள் உடையது 'பலகணி'. இவற்றுக்கெல்லாம் மூத்ததாகச் சிலப்பதிகாரத்தில் ஒரு சொல் இருக்கிறது: 'காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. கடலோரப் பூம்புகாரில் வாழ்ந்தவர்கள் ஜன்னலைப் பார்க்கும் கருவியாக நினைக்கவில்லை, மூச்சுவிடும் வழியாக நினைத்திருக்கிறார்கள். விளம்பரப் புத்தகம் காட்சியை விற்கிறது. வாங்க வேண்டியது காலதரை.

அன்று என் கட்சியை மாற்றிக்கொண்டேன். மேல்தளத்துக்கு ஏறிப் போகக்கூடியவருக்குப் பால்கனி தேவையில்லை. போக முடியாதவருக்குத் தேவை. முழங்கால் வலியோடு லிஃப்டுக்கும் கூட்டத்துக்கும் ஈடுகொடுக்க முடியாத எண்பது வயதுக்காரருக்கு, அறைக்குள்ளேயே கழிப்பறையும் நாலடி தூரத்தில் கடல்காற்றும் இருப்பது சொகுசில் சேராது. ஆகவே, நடுக்கப்பலில், நடுத் தளத்தில், வலப்பக்கமாக ஒரு பால்கனி அறை. அதில் மாமியாரும் மருமகளும். நடைபாதைக்கு எதிர்ச்சாரியில் மலிவான உள் அறை ஒன்று. அதில் அப்பாவும் பிள்ளையும். பகலெல்லாம் நால்வரும் பால்கனியிலேயே இருக்கலாம், இரவு தூக்கத்துக்கு ஜன்னல் எதற்கு? நண்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கையைக் கடிக்கவில்லை. நான் இன்னும் ஒன்று சொன்னேன்: அறையைச் சுத்தம் செய்ய வருகிறவரிடம் பெயரும் ஊரும் கேளுங்கள். நாகர்கோவில் என்று சொன்னாலும் சொல்வார்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அந்தக் கதவைத் திறந்து வைக்க விடுவாங்களா, இல்ல இங்க மாதிரி சாத்தியே வைக்கணுமா?"

"திறக்கலாம்மா. பல கப்பல்ல கதவைத் திறந்தா ஏசி தானா நின்னுடும், அவ்வளவுதான்" என்றேன்.

"நிக்கட்டுமே" என்றார்.