செட்டர் இருக்கும்வரை பிரைவேட் இல்லை

என்கேப்சுலேஷன் என்றால் என்ன என்று ஜாவா நேர்முகத் தேர்வில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: ஃபீல்டுகளை பிரைவேட் ஆக்கு, ஒவ்வொன்றுக்கும் பப்ளிக் கெட்டர், செட்டர் எழுது. கேட்டவரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். இந்தப் பதில் தவறு. பாடப்புத்தகமே சொல்லித்தருவதால் யாரும் இதைத் தட்டிக் கேட்பதில்லை.

வங்கிக் கணக்குக்கு ஒரு கிளாஸ். பேலன்ஸ் பிரைவேட், கூடவே கெட்பேலன்ஸ், செட்பேலன்ஸ். பணம் எடுக்கும் கோடு வேறெங்கோ உட்கார்ந்து பேலன்ஸை வாங்குகிறது, தொகையைக் கழிக்கிறது, மீதியைத் திரும்ப செட் செய்கிறது. இருப்பு போதுமா என்று பார்க்க அங்கே ஒருவர் மறந்தால் கணக்கு மைனஸுக்குப் போகும். ஒரே கணக்கில் ஒரே நொடியில் இரண்டு த்ரெட்கள் இதைச் செய்தால் ஒரு கழிவு காணாமலே போகும். கிளாஸ் கைகட்டி நிற்கும்.

"செட்டருக்குள் வேலிடேஷன் போட்டுக்கொள்ளலாமே" என்பார்கள். செட்டருக்குக் கிடைப்பது ஓர் எண் மட்டும். அது டெபாசிட்டால் வந்ததா, வட்டியால் வந்ததா, ஏடிஎம்மில் எடுத்ததால் வந்ததா என்று அதற்கு எப்படித் தெரியும்? அன்றாட உச்சவரம்பை எதை வைத்துச் சரிபார்க்கும்? செட்டரை அழித்துவிட்டு, பணம் எடுக்க ஒரு மெத்தட், போட ஒரு மெத்தட் என்று எழுதுங்கள். விதிகள் அவற்றுக்குள் இருக்கட்டும்.

கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் 1972லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்: பின்னாளில் மாறக்கூடிய முடிவு எதுவோ, அதை மாட்யூலுக்குள் மறைக்க வேண்டும். ஜாவாவின் ஸ்ட்ரிங் கிளாஸ் அப்படித்தான் பிழைத்தது. எழுத்துகளை கேரக்டர் அரேயில் வைத்திருந்த அது, 2017இல் ஜாவா 9 வந்தபோது பைட் அரேக்கு மாறியது. லத்தீன்-1 தொகுப்பின் எழுத்து மட்டும் உள்ள சரங்களில் எழுத்துகளுக்கான நினைவகம் பாதியானது. (தமிழுக்கு அந்த லாபம் இல்லை, எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் பழையபடி இரண்டு பைட்.) லெங்த், சார்அட் என்று அழைத்துக்கொண்டிருந்த கோடு எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. உள்ளே இருந்த அரேயை அப்படியே எடுத்துக் கொடுக்கும் ஒரு கெட்டர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

அதே ஜாவாவில் ஸ்டேக் கிளாஸைப் பாருங்கள். வெளியாள் நேரடியாகத் தொடக்கூடிய ஃபீல்டு ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் வெக்டரிலிருந்து எக்ஸ்டெண்ட் செய்துவிட்டார்கள். அதனால் இன்சர்ட்எலிமெண்ட்அட் மூலம் அடுக்கின் நடுவே எதையும் செருகலாம். பழைய கோடு உடையும் என்பதால் இன்றுவரை அந்த எக்ஸ்டெண்டை எடுக்க முடியவில்லை. ஸ்டேக்குக்குப் பதிலாக டெக்கைப் பயன்படுத்துங்கள் என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது.